மிக்ஸி கத்துகிறது, கிரைண்டர் முனகுகிறது: அடுப்பங்கரை மோட்டார்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரையில் இட்லிக்கு நாலு சட்னி வேண்டும். அந்த நாலும் மிக்ஸியில் அரைபடும். இட்லி மாவு மட்டும் கிரைண்டருக்குப் போகும். ஏன் என்று கேட்டால், "மிக்ஸியில போட்டா மாவு சூடாயிரும்" என்று எந்த வீட்டிலும் பதில் வரும். பதில் சரிதான். ஆனால் அதே 230 வோல்ட், அதே பிளக், உள்ளே அதே செம்புக் கம்பி. அப்படியிருந்தும் ஒன்று ஏன் நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று பறக்கிறது, இன்னொன்று ஏன் ஆடி அசைந்து சுற்றுகிறது? இது புரிந்துவிட்டால் எதில் எதை அரைக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும், ரிப்பேர் கடையில் சொல்லும் காரணத்தை நம்பலாமா என்பதெல்லாம் தானாகவே விளங்கும்.

படிப்படியாகப் போகலாம். கையில் ஒரு டார்ச் போதும். எதையும் திருப்பிப் பார்ப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் உள்ளே கரன்ட் நிற்கும்.

முதல் படி: அசைவதையெல்லாம் இரண்டு கட்சியாகப் பிரியுங்கள்

அடுப்பங்கரையில் நின்று சுற்றிப் பாருங்கள். மிக்ஸி, கிரைண்டர், எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றும் உடனே கண்ணில் படும். ஃபிரிட்ஜின் பின்பக்கம் கீழே கறுப்புக் குடம்போல் இருக்கும் கம்ப்ரசருக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. ஆர்.ஓ. எந்திரத்தில் பம்பு. மைக்ரோவேவில் தட்டைச் சுற்றுவதற்கு ஒன்று, காற்றடிக்க ஒன்று. இண்டக்‌ஷன் அடுப்பில் அசைவே இல்லை என்று நினைப்போம். அதன் அடியிலும் ஒரு சின்ன விசிறி ஓடுகிறது.

இவற்றில் பெரும்பாலானவை இரண்டு கட்சிக்குள் அடங்கிவிடும்: கார்பன் உள்ளது, கார்பன் இல்லாதது. கார்பன் என்று மெக்கானிக்குகள் சொல்வது, சுற்றும் பாகத்தோடு உரசிக்கொண்டே அதற்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு கரித்துண்டுகளை. கண்டுபிடிப்பது எளிது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, காலி ஜாரோடு மிக்ஸியைச் சில நொடி ஓட்டி, பக்கத்துக் காற்றுத் துளை வழியாகப் பாருங்கள். நீலமாகச் சின்னச் சின்னப் பொறி தெரியும். மூக்கில் ஒரு காரமான வாடையும் அடிக்கும். கிரைண்டரில் எத்தனை நேரம் பார்த்தாலும் பொறி வராது, ஏனென்றால் அதில் உரசவே எதுவும் இல்லை.

கத்துவது, சூடாவது, பொறி பறப்பது, சீக்கிரம் களைப்பது கார்பன் கட்சியின் குணம். முனகுவது, ஒரே வேகத்தில் ஓடுவது, மணிக்கணக்கில் தாங்குவது மற்றதன் குணம்.

இரண்டாம் படி: ஊக்கில் ஒரு மோட்டார் செய்து பாருங்கள்

இதைத் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸிக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

1820-இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி முள் திரும்புகிறது. அடுத்த ஆண்டே லண்டனில் மைக்கேல் ஃபாரடே, மின்சாரம் ஓடும் கம்பி ஒன்றை ஒரு காந்தத்தைச் சுற்றி வட்டமிட வைத்துவிட்டார். மொத்த விஷயமும் இதற்குள் அடக்கம். காந்தப் புலத்துக்குள் இருக்கும் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி தள்ளப்படும். மின்சாரம் போகும் திசைக்கும் காந்தப் புலத்தின் திசைக்கும் செங்குத்தாக அந்தத் தள்ளு விழும். மின்சாரத்தைத் திருப்பிவிட்டால் தள்ளும் திரும்பும்.

வேண்டியவை: ஒரு டார்ச் செல், இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் பேண்டு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி கொஞ்சம். கம்பிக்குக் காயில் கட்டும் எந்தக் கடையிலும் கேளுங்கள். வெட்டிப் போட்ட துண்டைச் சும்மாவே தருவார்கள்.

செல்லின் மேலேயே கம்பியைப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி வளையமாகக் கழற்றுங்கள். இரண்டு முனையையும் வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நேராக நீட்டிவிடுங்கள். இவைதான் அச்சு. இனிதான் சூட்சுமம். ஒரு முனையின் எனாமலைச் சுற்றிலும் பிளேடால் சுரண்டுங்கள். மற்ற முனையில், வளையத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மேல்பாதியை மட்டும் சுரண்டுங்கள். கீழ்ப்பாதி எனாமல் அப்படியே இருக்கட்டும். செல்லின் இரு முனையிலும் ஊக்குகளை நிற்க வைத்து ரப்பர் பேண்டால் இறுக்குங்கள். ஊக்கின் துளைகளில் கம்பி முனைகளை ஏற்றுங்கள். செல்லின் முதுகில் காந்தத்தை ஒட்டுங்கள். வளையத்தை விரலால் மெல்லத் தட்டினால் பிடித்துக்கொண்டு சுற்றும். காந்தத்தைப் புரட்டி வைத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். ரொம்ப நேரம் விடாதீர்கள், செல் சூடேறும்.

பாதியை மட்டும் சுரண்டுவது எதற்கு? முழுக்கச் சுரண்டியிருந்தால், முதல் அரைச்சுற்றில் முன்னால் தள்ளும் விசை, அடுத்த அரைச்சுற்றில் பின்னால் இழுக்கும். வளையம் ஆடி நின்றுவிடும். ஊஞ்சலை நம்மை விட்டு விலகிப் போகும்போது மட்டும் தள்ளுகிறோமே, அதே கணக்குத்தான். எனாமல் இருக்கும் பாதியில் மின்சாரம் அறுந்து, வளையம் வந்த வேகத்திலேயே சுற்றி, மறுபடி தள்ளு வாங்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. மிக்ஸி மோட்டாரில் இந்த வேலையைச் செய்வது கம்யூட்டேட்டர். அது அறுப்பதில்லை, சரியான நேரத்தில் திசையை மாற்றிவிடுகிறது. அதனால் தள்ளு விடாமல் கிடைக்கிறது.

மூன்றாம் படி: மிக்ஸிக்குள்

மிக்ஸியின் வயிற்றில் நடுவில் சுற்றுவது ஆர்மேச்சர். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய உருளை, அதன் பள்ளங்களில் நிறையச் செம்புக் கம்பிச் சுருள்கள். அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிய கம்யூட்டேட்டர். இரண்டு பக்கத்திலிருந்தும் ஸ்பிரிங் தள்ள, கார்பன் துண்டுகள் அந்தப் பட்டைகளின் மேல் அழுந்தி நிற்கும். வெளியே நிலையாக நிற்கும் இரும்புக் கூட்டில் இரண்டு பெரிய காயில்கள். நம் ஊக்கு மோட்டாரில் இருந்த காந்தத்தின் வேலையை இவை செய்கின்றன. இவற்றை ஃபீல்டு காயில் என்பார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 தடவை திசை புரளுகிறது. அப்படியென்றால் மிக்ஸி முன்னும் பின்னும் நடுங்கத்தானே வேண்டும்? நடுங்காமல் இருப்பதற்குக் காரணம், ஃபீல்டு காயிலும் ஆர்மேச்சரும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருப்பதுதான். மின்சாரம் புரளும்போது ஆர்மேச்சரில் ஓடுவதும் புரளும், ஃபீல்டின் காந்தமும் அதே நொடியில் வடக்கு தெற்காகப் புரளும். இரண்டும் சேர்ந்து புரண்டால் தள்ளும் திசை மாறாது. இந்த மோட்டாரை பேட்டரி மின்சாரத்திலும் ஓட்டலாம், வீட்டு மின்சாரத்திலும் ஓட்டலாம் என்பதால் யுனிவர்சல் மோட்டார் என்று பெயர். கையால் பிடித்து ஓட்டும் டிரில்லிங் மெஷினிலும் இதுவே.

தொடர் இணைப்புக்கு இன்னொரு குணம் உண்டு: சுமை இல்லாவிட்டால் தறிகெட்டு ஓடும். காலி மிக்ஸி நிமிடத்துக்கு 18,000 சுற்றையும் தொடும். ஜாரின் பிளேடு முனைக்கு முனை 7 செ.மீ. என்று வைத்தால், அந்த முனை மணிக்கு 230 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. தேங்காய்ச் சில்லையும் பொட்டுக்கடலையையும் அது அரைக்கவில்லை, அடித்து நொறுக்குகிறது. மாவு ஏன் சூடாகிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. அந்த வேகமெல்லாம் கடைசியில் மாவின் உராய்வில் வெப்பமாகப் போய் முடிகிறது.

இனி வரும் பத்தி இந்த வழிகாட்டியிலேயே முக்கியமானது. சுற்றும் ஆர்மேச்சர், மோட்டாராக இருக்கும்போதே ஒரு ஜெனரேட்டராகவும் இருக்கிறது. லோயர் கேம்பில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் டர்பைனைச் சுழற்ற, அது ஜெனரேட்டரைச் சுழற்ற, மின்சாரம் பிறக்கிறது. காந்தப் புலத்தில் கம்பி சுழன்றால் மின்சாரம் பிறந்தே தீரும். 1831-இல் ஃபாரடே கண்ட விதி அது. மிக்ஸியின் ஆர்மேச்சரும் அந்த விதிக்கு விலக்கில்லை. சுழலச் சுழல, உள்ளே வரும் மின்சாரத்துக்கு எதிராக ஒரு வோல்டேஜை அது தானே உண்டாக்குகிறது. மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் குடிக்காமல் காப்பது இந்த எதிர்ப்புத்தான். பிளேடு மாட்டிக்கொண்டு ஆர்மேச்சர் நின்றுவிட்டால் எதிர்ப்பு போய்விடும். மோட்டார் இருமடங்கு, மும்மடங்கு என்று குடிக்கத் தொடங்கும். வேலை நடக்காததால் அத்தனையும் சூடாகும். காயிலின் எனாமல் கருகும். "அண்ணே, ஒரு நிமிசந்தான் ஊம்முனு நின்னுச்சு, உடனே புகை வந்திருச்சு" என்று கடையில் சொல்கிறார்களே, அந்த ஒரு நிமிடத்தில் நடந்தது இதுதான்.

மிக்ஸியின் அடியிலோ பின்பக்கத்திலோ இருக்கும் சிவப்புப் பட்டன் இதற்காகத்தான். மின்சாரம் எல்லை மீறினால் அது வெளியே துள்ளி இணைப்பை அறுக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்து, பிளேடை இளக்கி, சில நிமிடம் ஆறவிட்டுப் பிறகு அழுத்துங்கள். அழுத்திய உடனே மறுபடி துள்ளினால் வற்புறுத்தாதீர்கள். அதைக் கம்பி போட்டு நேராக இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைக்கு இனி போகாதீர்கள்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைகள் சில. ஜாரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முதலில் இடப்பக்கம் திருகி விட்டு விட்டு ஓட்டுங்கள். கட்டி உடைந்த பிறகு வலப்பக்கம் போங்கள். வேகக் குமிழின் 1, 2, 3 பெரும்பாலும் ஃபீல்டு காயிலில் எத்தனை சுற்று வேலை செய்கிறது என்பதை மாற்றுகின்றன. ஒன்றில் வைத்தால் மோட்டாருக்கு ஓய்வு என்று நினைத்துக் கெட்டியான விழுதை ஒன்றிலேயே வெகுநேரம் திணற விடுவது தப்பு. அடியில் இருக்கும் விசிறி மோட்டாரின் அச்சிலேயே மாட்டியது. வேகம் குறைந்தால் காற்றும் குறையும். அடியில் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் மிக்ஸியை வைக்கும் பழக்கம் பல வீட்டில் உண்டு. சத்தம் குறையும், உண்மை. காற்று உள்ளே போகும் வழியும் அடைபடும்.

பருத்திப்பாலுக்குப் பருத்திக்கொட்டை அரைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இரவு ஊறவைத்த கொட்டையானாலும் தோலில் பஞ்சு இழை ஒட்டியிருக்கும். அது பிளேடின் அடிக்கழுத்தில் சுற்றிக்கொள்ளும். முடிந்தால் கிரைண்டரில் போடுங்கள். மிக்ஸிதான் என்றால் தாராளமாகத் தண்ணீர் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே பிளேடைப் பார்த்துக்கொண்டு அரையுங்கள்.

இந்திய மசாலாவுக்குத் தாக்குப்பிடிக்கும் மிக்ஸியே வந்தது 1960களில்தான். மும்பையில் எஸ்.பி. மாத்தூர் உருவாக்கிய ‘சுமீத்’ அதில் முன்னோடி. ஊறாத மஞ்சளையும் தேங்காயையும் மனதில் வைத்துச் செய்த மோட்டார். வெளிநாட்டு பிளெண்டர் எல்லாம் பழச்சாறுக்குப் பிறந்தவை. இங்கே விலை கொடுத்து அதை வாங்கி வந்து மிளகாய் அரைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நான்காம் படி: கிரைண்டரின் மோட்டார்

இங்கே சுற்றும் பாகத்துக்கு எந்தக் கம்பியும் போகவில்லை. கார்பனும் இல்லை. பின்னே எப்படிச் சுற்றுகிறது?

வெளிக்கூட்டில் உள்ள காயில்கள் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கி அதை வட்டமாகச் சுழல வைக்கின்றன. இரும்பு அசையாது; புலம் மட்டும் சுழலும். உள்ளே இருக்கும் உருளையில் அலுமினியப் பட்டைகள் கூண்டுபோல் பதித்திருக்கும். சுழலும் புலம் அவற்றைக் கடக்கும்போது, அந்தப் பட்டைகளில் மின்சாரம் தானாகத் தூண்டப்படுகிறது. அதனால்தான் இதற்கு இண்டக்‌ஷன் (தூண்டல்) மோட்டார் என்று பெயர். மின்சாரம் வந்துவிட்டால் ஊக்கு மோட்டாரில் பார்த்த அதே தள்ளு. உருளை புலத்தைத் துரத்திக்கொண்டு சுழலும். 1880களில் இத்தாலியில் ஃபெராரிஸும் அமெரிக்காவில் டெஸ்லாவும் தனித்தனியாகக் கண்ட வழி இது. டெஸ்லா காப்புரிமை பெற்றது 1888-இல்.

நாலு துருவ மோட்டாரில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், புலம் நிமிடத்துக்குச் சரியாக 1,500 தடவை சுழலும். மோட்டார் பலகையில் எழுதியிருப்பதோ 1,440 என்று இருக்கும். அந்த 60 சுற்றுக் குறைபாடு பழுது அல்ல. புலத்தை உருளை எட்டிப் பிடித்துவிட்டால் பட்டைகளைப் புலம் கடக்காது, மின்சாரம் தூண்டப்படாது, தள்ளு நின்றுவிடும். கொஞ்சம் பின்தங்கினால்தான் இந்த மோட்டாருக்குப் பிழைப்பு. மிக்ஸிபோல் இது தறிகெட்டு ஓடாததற்கும் இதுவே காரணம்: 1,500 என்ற வேலியைத் தாண்ட வழியே இல்லை.

இண்டக்‌ஷன் அடுப்பும் இதே தூண்டலில்தான் சுடுகிறது. அங்கே காந்தப் புலம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் புரளுகிறது. பாத்திரத்தின் அடியில் மின்சாரம் தூண்டப்பட்டு அத்தனையும் வெப்பமாகிறது.

வீட்டுக்கு வருவது ஒற்றை ஃபேஸ். அதைக் கொண்டு மட்டும் புலத்தைச் சுழற்ற முடியாது. இருந்த இடத்தில் முன்னும் பின்னும் துடிக்க வைக்கத்தான் முடியும். அதனால் இரண்டாவதாக ஒரு காயில் சுற்றி, அதற்குப் போகும் மின்சாரத்தின் கட்டத்தை, அதாவது அது ஏறி இறங்கும் நேரத்தை, ஒரு கெப்பாசிட்டர் மூலம் மாற்றிக் கொடுக்கிறார்கள். இரண்டு காயிலின் துடிப்பும் ஒரே நேரத்தில் விழாமல் போவதால் புலம் சுழலத் தொடங்கும். கடைகளில் அதைக் கண்டன்சர் என்பார்கள். சிம்மக்கல் பக்கம் ஒரு கடையில் நின்றபோது காதில் விழுந்த பேச்சு இது:

"அண்ணே, கிரைண்டருக்கு கரன்ட் போகுது. சுத்த மாட்டேங்குது."

"முனகுதாக்கா?"

"ஊம்முனு முனகிக்கிட்டே நிக்குது."

"கையால தள்ளிவிட்டா ஓடுதா?"

"நேத்து எங்க வீட்டுக்காரர் தள்ளிவிட்டாரு. ஓடுச்சு. ஆனா திருப்பிப் போட்ட மாதிரி அந்தப் பக்கமா ஓடுச்சுண்ணே."

"கண்டன்சர்தான்க்கா போயிருக்கு. மோட்டார் நல்லா இருக்கு. இனிமே கைய வச்சுத் தள்ளாதீங்க."

எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடுவது, பெரும்பாலும் கண்டன்சர் போனதற்குச் சாட்சி. துடிக்கும் புலத்துக்கு வலமும் இடமும் ஒன்றுதான். முதல் தள்ளு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளும். புதிய கண்டன்சர் வாங்கும்போது பழையதன்மேல் எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவையே கேட்டு வாங்குங்கள். கூடப் போட்டால் இன்னும் நன்றாக இழுக்கும் என்பது தப்புக் கணக்கு, காயில்தான் சூடாகும். கழற்றிய கண்டன்சரின் இரண்டு முனையையும் தொடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கலாம்.

ஐந்தாம் படி: வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்குவது

1,440 சுற்றில் கல்லைச் சுற்றினால் மாவு சுவரில் இருக்கும். அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பெரிய கிரைண்டரில் மோட்டாரின் அச்சில் சின்னப் புல்லி, டிரம்மின் அடியில் பெரிய புல்லி, இரண்டையும் இணைக்க ஒரு பெல்ட். சின்னது 2 அங்குலம், பெரியது 12 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் ஆறில் ஒன்றாகி 240 சுற்றாகும். வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ, உராய்வில் போவது தவிர, திருப்புவிசை அத்தனை மடங்கு ஏறும். அரை குதிரைத்திறன், அதாவது 373 வாட் மோட்டார், கனமான கருங்கல்லை உளுந்தோடு சேர்த்து உருட்டுவது இந்தப் பேரத்தின் பலத்தில்தான். டேபிள் டாப் கிரைண்டரிலும் இதே கதை, அளவுதான் சிறியது. பெல்ட்டுக்குப் பதில் பல்சக்கரம் இருக்கலாம்.

மிக்ஸியில் இந்தப் பேரம் கிடையாது. ஆர்மேச்சரின் அச்சே, ஜாரை மோட்டாரோடு கோக்கும் கப்ளர் வழியாகப் பிளேடைத் திருப்புகிறது. கப்ளரை ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்வது கஞ்சத்தனத்தால் அல்ல. ஏதாவது ஒன்று உடைந்துதான் ஆக வேண்டும் என்றால், முதலில் மலிவான அது உடையட்டும் என்பதற்காக. தேய்ந்த கப்ளரைக் கழற்ற ஒரு குறிப்பு: அச்சை அடியிலிருந்து அசையாமல் பிடித்துக்கொண்டு, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே கப்ளரைத் திருப்புங்கள். ஓட ஓட இறுகும்படி மறை வெட்டியிருப்பார்கள், அதனால் வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகிவிடும்.

மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கினார். இன்று கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 2011-இல் அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கிய பிறகு உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கக் கிராமங்களிலும் ஆட்டுக்கல் திண்ணை ஓரத்துக்குப் போய்விட்டது.

ஆறாம் படி: மற்றவை, சுருக்கமாக

ஃபிரிட்ஜில் கிரைண்டர் கட்சி மோட்டார்தான். ஆனால் அதன் சுழற்சி ஒரு வளைந்த அச்சால் முன்பின் ஓட்டமாக மாறி, பிஸ்டனைத் தள்ளி, வாயுவை அழுத்துகிறது. கரன்ட் போய் உடனே வந்தால் ஃபிரிட்ஜ் முக்கி நின்றுவிடுவதற்குக் காரணம், பழைய அழுத்தம் இன்னும் குழாய்க்குள் இருப்பது. மூன்று நிமிடம் கழித்துப் போட்டால் அழுத்தம் சமமாகி இருக்கும். மின்சாரம் விட்டு விட்டு வரும் கோடை நாளில் இது மட்டும் நினைவிருந்தால் கம்ப்ரசர் பிழைக்கும்.

மைக்ரோவேவின் தட்டைச் சுற்றுவது, மின்சாரத்தின் துடிப்போடு ஒத்து ஓடும் ஒரு குட்டி சின்க்ரனஸ் மோட்டார். சில வாட்தான் தின்னும். பல மாடல்களில் அது ஒரு தடவை வலமாகவும் அடுத்த தடவை இடமாகவும் கிளம்பும். பழுது என்று யாரும் பயப்பட வேண்டாம். எந்தத் திசை என்று அதற்கே தெரியாது.

ஆர்.ஓ. எந்திரத்தில் அடாப்டர் 24 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. அதில் ஓடும் பம்பு, சாய்ந்த தட்டு ஒன்றைச் சுழற்றி ரப்பர்ச் சவ்வை முன்பின் அசைத்துத் தண்ணீரைத் தள்ளும். ஓடத் தொடங்கும்போது "டக்" என்று கேட்பது சோலனாய்டு வால்வு: காயிலில் மின்சாரம் போனதும் ஓர் இரும்புத் தண்டு நேராக உள்ளே இழுபடுகிறது. சுழற்சியே இல்லாத அசைவு இது. நம் ஊர் போர் தண்ணீரில் உப்புப் படிந்து ஃபில்டர் அடைத்தால் பம்பு திணறும். பம்பின் மேல் பழி போடுவதற்கு முன் ஃபில்டரைப் பாருங்கள்.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மோட்டார் கெடுவது அபூர்வம். தாளித்த எண்ணெய்ப் பிசுக்கு, அச்சைத் தாங்கும் புஷ்ஷில் இறுகி அதை நிறுத்திவிடும். கழற்றித் துடைத்து, அச்சில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், அது நாளடைவில் கோந்தாகிவிடும்.

இப்போது பி.எல்.டி.சி. என்ற பெயரில் விசிறிகளும் மிக்ஸிகளும் வருகின்றன. அதில் சுற்றும் பாகத்தில் நிலைக்காந்தம். கம்யூட்டேட்டர் செய்த வேலையை எலக்ட்ரானிக் சர்க்யூட் செய்கிறது. கார்பன் கிடையாது, மின்சாரமும் குறைவு. 75 வாட் தின்ற சீலிங் ஃபேன் இதில் 30 வாட் அளவில் ஓடும். போர்டு போனால் மட்டும் தெருமுனை மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. விசிறிக்கு வாங்கலாம் என்பேன். தினம் பத்து நிமிடம் ஓடும் மிக்ஸிக்கு அந்தக் கூடுதல் விலை தேவைதானா என்று யோசியுங்கள்.

ஏழாம் படி: பலகையைப் படித்துக் கணக்குப் போடுங்கள்

ஒவ்வொரு பொருளின் அடியிலும் வாட் எழுதியிருக்கும். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 750 வாட் மிக்ஸி பத்து நிமிடத்துக்கு 0.125 யூனிட். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் அரை மணிக்கு 0.075 யூனிட். மிக்ஸி தினமும், கிரைண்டர் வாரம் மூன்று நாளும் ஓடினாலும் இரண்டு மாத பில்லில் இரண்டும் சேர்ந்து பத்து யூனிட்டைத் தொடாது. அரசு தரும் இலவச யூனிட்டுக்குள் இவை சத்தமில்லாமல் கரைந்துவிடும். மிக்ஸியின் வாட்டைப் பார்த்துப் பயந்து சின்னதாக வாங்குபவர்கள் பில்லில் மிச்சம் பிடிப்பதில்லை. திணறும் மோட்டாரைத்தான் வாங்குகிறார்கள்.

வோல்டேஜ் குறைவு வேறு விவகாரம். சித்திரை வைகாசியில் தெருவெல்லாம் ஏ.சி. ஓடும்போதும், டிரான்ஸ்ஃபார்மருக்குத் தொலைவில் இருக்கும் கிராமத்து வீடுகளில் பம்புசெட் ஓடும்போதும் 230 வர வேண்டியது 180-க்கு இறங்கலாம். இண்டக்‌ஷன் மோட்டாரின் திருப்புவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 180 வோல்ட்டில் கிடைப்பது 61 சதவீதம். அந்த நேரத்தில் டிரம்மை வழக்கம்போல் நிரப்பினால் கிரைண்டர் கிளம்பாது, முக்கியே சூடாகும். முதலில் தண்ணீரோடு காலியாக ஓட்டி, பிறகு அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முடிந்தால் அதிகாலையில் அரையுங்கள்.

எர்த் முள்ளை உடைத்து இரண்டு துளைப் பிளக்கில் சொருகுவது நம் ஊர்ப் பழக்கம். ஈரக் கையும் ஸ்டீல் டிரம்மும் சேரும் இடத்தில் அது உயிரோடு விளையாடுவது. மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பை அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் போட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: சத்தத்தையும் வாடையையும் வைத்து நோய் பார்ப்பது

மிக்ஸி விட்டு விட்டு ஓடி, தட்டினால் ஓடினால் கார்பன் தேய்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், மலிவான வேலை. பொறி சின்னதாக இல்லாமல் கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக எரிந்தால் ஆர்மேச்சரில் கோளாறு, உடனே நிறுத்துங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டு பிளேடு மட்டும் நின்றால் கப்ளர். ஜாரின் அடியில் ஈரம் கசிந்து மோட்டாருக்குள் இறங்கினால் ஜாரின் புஷ்ஷும் வாஷரும் தேய்ந்திருக்கின்றன. இதைத் தள்ளிப்போடுவதுதான் பல மிக்ஸிகளுக்கு எமன்: கப்ளரில் ஆரம்பிக்கும் சொட்டு நேராக பேரிங்கில் இறங்கி, அங்கிருந்து காயிலுக்குப் போகும்.

கிரைண்டரில் மோட்டார் ஓடி டிரம் நின்றால் பெல்ட் தளர்ந்தது. தடதடவென்று அடித்தால் நடு பின்னோ பேரிங்கோ. முனகி நின்றால் கண்டன்சர் என்று முன்பே பார்த்தோம். ஒரு சத்தமும் இல்லையென்றால் பிளக், வயர், சுவிட்ச் என்று வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். பாதிப் பழுது வயர் மடியும் இடத்திலேயே சிக்கிவிடும்.

காயில் கருகிவிட்டால் கட்டுவதா, புதிது வாங்குவதா? கிரைண்டர் என்றால் யோசிக்காமல் கட்டுங்கள். கல்லும் டிரம்மும் காலத்துக்கும் வரும், மோட்டாரின் இரும்பும் கெடாது. மிக்ஸியில் ஃபீல்டு காயில் மட்டும் போயிருந்தால் கட்டலாம். ஆர்மேச்சரும் சேர்ந்து போயிருந்தால் கூலியும் புது மிக்ஸியின் விலையும் நெருங்கிவிடும். கட்டக் கொடுக்கும்போது செம்புக் கம்பியா அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம், அதே கனத்தில் சுற்றினால் கூடுதலாகச் சூடேறும். கழற்றிய பழைய காயிலையும் கார்பனையும் பையில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கருகியதா இல்லையா என்று ஜன்னல் வெளிச்சத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பழைய செம்பை எடைக்குப் போட்டால் நாலு காசும் கிடைக்கும்.